முழங்கால் கற்பிக்கும் விவேகம்

பாலக்காட்டைச் சேர்ந்த நீளம் தாண்டும் வீரர் முரளி ஸ்ரீசங்கர், 2024 ஏப்ரல் 16 ஆம் நாள் பயிற்சியில் ஈடுபட்டிருந்தபோது முழங்காலில் காயமுற்றார். பரிசோதனைகள் நடைபெற்றன. அறுவை சிகிச்சை தவிர வேறு வழியில்லை என்பது முடிவாயிற்று. பாரிஸ் ஒலிம்பிக் தொடங்குவதற்கு அப்போது ஏறத்தாழ நூறு நாட்களே எஞ்சியிருந்தன. அவருக்கு வயது 25.

அதற்கு முந்தைய ஆண்டில் அவர் அடைந்த உயரத்தையும் இங்கே நினைவுகொள்ள வேண்டும். 2023 ஜூன் மாதம் புவனேஸ்வரில் 8.41 மீட்டர் தாண்டினார். ஜூலை மாதம் பாங்காக்கில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 8.37 மீட்டர் தாண்டி வெள்ளிப் பதக்கத்தையும் ஒலிம்பிக் தகுதியையும் பெற்றார். அக்டோபர் மாதம் ஹாங்சௌ ஆசிய விளையாட்டில் மீண்டும் ஒரு வெள்ளி. எல்லாம் கூடிவந்த வேளையில், முழங்கால் சில்லைக் கீழ்க்கால் எலும்போடு பிணைக்கும் ஒரு தசைநாண் கிழிந்தது. ஒலிம்பிக் வாய்ப்பு கைநழுவியது.

அவருடைய காயத்தின் காரணத்தை ஆராய்வது நம் நோக்கமன்று. உச்சநிலை விளையாட்டில் எவ்வளவு கவனமாக இருப்பவருக்கும் இத்தகைய காயம் நேரலாம். நாம் சிந்திக்க வேண்டியது வேறொன்று. இளமையும் வலிமையும் உள்ள ஒருவரிடம் அவருடைய மூட்டு 'நில்' என்று கூறும்போது அவர் என்ன செய்ய வேண்டும்? அந்தக் குரலை அலட்சியம் செய்வது வீரமா? அதற்கு அஞ்சி ஒடுங்குவது விவேகமா? அல்லது இவ்விரண்டுக்கும் அப்பால் மூன்றாவது வழி ஒன்று உண்டா?

எல்லைப்புறத்து இளைஞர்கள்

பாலக்காடு, இடுக்கி ஆகிய இரு மாவட்டங்களும் தமிழகத்தை ஒட்டியவை. வாளையாறு, கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் ஆகியவை ஒருபுறம். மறையூர், மூணாறு, பூப்பாறை, குமுளி ஆகியவை மறுபுறம். இரண்டுக்கும் நடுவே ஆனைமலைத் தொடர் நிற்கிறது. தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும் இந்தப் பகுதிகள் இந்தியத் தடகளத்திற்கு அளித்துள்ள செல்வம் பெரிது. பாலக்காட்டின் முண்டூரைச் சேர்ந்த பி.யு. சித்ரா 2017 இல் ஆசியத் தடகளப் போட்டியின் 1500 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். இடுக்கியைச் சேர்ந்த கே.எம். பீனாமோள் 2002 இல் பூசான் ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். இடுக்கி மாவட்டத்தில் பிறந்து, பாலக்காட்டில் ரயில்வே பணியில் இருந்த பிரீஜா ஸ்ரீதரன் 2010 இல் குவாங்சௌவில் 10,000 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார்.

பதக்கம் பெறுபவர் சிலரே. ஆனால் உடலை வருத்தி உழைக்கும் இளைஞர்கள் பல்லாயிரவர். அறுவடை முடிந்த வயலில் கட்டாந்தரையின்மேல் கால்பந்து ஆடுபவர்கள், மாலை வேளையில் கைப்பந்து ஆடுபவர்கள், காவல்துறை அல்லது ராணுவத் தேர்வுக்காக அதிகாலையில் சாலையில் ஓடுபவர்கள், ஏலத்தோட்டத்திலும் தேயிலைச் சரிவிலும் பகலெல்லாம் ஏறி இறங்கிய பின்னர் விளையாடச் செல்பவர்கள் ஆகிய எல்லோரும் இவர்களுள் அடங்குவர். இவர்களுக்கு முழங்காலோ கணுக்காலோ தோளோ வலிக்கும்போது உடன்வரப் பயிற்சியாளரும் இல்லை, விளையாட்டு மருத்துவரும் இல்லை. 'இந்த வயதில் மூட்டு வலியா?' என்று வீட்டார் சிரிக்கின்றனர். 'கொஞ்சம் தாங்கிக்கொண்டு ஆடு' என்று நண்பர்கள் கூறுகின்றனர். ஆகவே இந்தப் பாடம் முதன்மையாக அவர்களுக்கே உரியது.

மூட்டின் இயல்பு

எதனையும் சரிவரக் கையாள வேண்டுமானால் முதலில் அதன் இயல்பை அறிய வேண்டும். எலும்புகளின் முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பில் இரத்தக் குழாய்கள் இல்லை. மூட்டினுள் இருக்கும் வழுவழுப்பான திரவத்திலிருந்தே அது ஊட்டம் பெறுகிறது. மூட்டு அசைந்து அழுந்தி விரியும்போதுதான் அந்த ஊட்டம் நன்கு உட்செல்கிறது. எனவே அசைவு மூட்டுக்குப் பகையன்று, உணவு.

தசையை எலும்போடு பிணைப்பது தசைநாண். தசை இரத்த ஓட்டம் மிகுந்தது; சில வாரப் பயிற்சியிலேயே வலுப்பெற்றுவிடும். தசைநாணோ மெதுவாக மாறும் இயல்புடையது; அது வலுப்பெறப் பல மாதங்கள் ஆகும். இளைஞர்களின் மூட்டு வலியில் பெரும்பகுதி இந்த வேறுபாட்டிலிருந்தே பிறக்கிறது. தசை 'நான் தயார்' என்கிறது. உற்சாகம் 'இன்னும் ஓடு' என்கிறது. தசைநாணோ இன்னும் தயாராகவில்லை. நேற்றுவரை இரண்டு கிலோமீட்டர் ஓடியவர், தேர்வுத் தேதி அறிவிக்கப்பட்டதும் திடீரென்று எட்டு கிலோமீட்டர் ஓடத் தொடங்குகிறார். ஆறு மாதம் விளையாடாதிருந்தவர் ஒரே வாரத்தில் ஐந்து ஆட்டங்கள் ஆடுகிறார். சுமை தன்னளவில் தீங்கு செய்வதைவிட, அது திடீரென்று பெருகும்போதே மிகுதியும் தீங்கு செய்கிறது.

மலைப்பகுதியில் வாழ்பவர்கள் மேலும் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். ஏறும்போது மூச்சு வாங்குகிறது. ஆகவே ஏற்றமே கடினம் என்று எண்ணுகிறோம். ஆனால் முழங்காலுக்கு இறக்கமே பெரும்பாலும் கடினமானது. இறங்கும் ஒவ்வோர் அடியிலும் தொடைத்தசை நீண்டவாறே உடலின் வேகத்தைத் தடுத்து நிறுத்துகிறது. முழங்கால் சில்லின் பின்புறம் உடல் எடையைவிடப் பல மடங்கு அழுத்தம் விழுகிறது. படியில் இறங்கும்போதும், நெடுநேரம் அமர்ந்து எழும்போதும் முழங்காலின் முன்புறம் வலிப்பதற்கு இதுவே பொதுவான காரணம்.

சிவப்பு விளக்கு கூறுவது என்ன?

பாலக்காட்டுக்கும் இடுக்கிக்கும் இடைப்பட்ட ஆனைமலையின் தமிழகப் பகுதியில் வால்பாறை இருக்கிறது. அங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் யானை நடமாட்டத்தை அறிவிக்கச் சிவப்பு விளக்குகளை உயரத்தில் நிறுவியுள்ளனர். யானைகள் அருகில் இருப்பது தெரியவந்தால் கைப்பேசி அழைப்பின் மூலம் விளக்கு எரியவைக்கப்படும். மாலையில் வீடு திரும்புபவர் தொலைவிலிருந்தே அதைக் கண்டு எச்சரிக்கை அடைவார்.

அந்த விளக்கைக் கண்ட மூவரை எண்ணிப் பார்ப்போம். முதலாமவர், 'யானையாவது ஒன்றாவது' என்று அதே வழியில் செல்கிறார். இரண்டாமவர், விளக்கைக் கண்ட நாள்முதல் வீட்டை விட்டே வெளியேறுவதில்லை. மூன்றாமவர் நின்று பார்க்கிறார், விசாரிக்கிறார், வேறு வழியில் சென்று வீடு சேர்கிறார். விளக்கு எரிவதாலேயே ஆபத்து நேர்ந்துவிட்டது என்பதில்லை. அதை ஒரு துணியால் மூடிவிடுவதால் யானை அகன்றுவிடுவதும் இல்லை.

வலியும் அத்தகைய விளக்கே. வலி நிவாரண மாத்திரையை விழுங்கிவிட்டு ஆடுகளத்தில் இறங்குவது விளக்கைத் துணியால் மூடுவதற்கு ஒப்பானது. வலி வந்துவிட்டது என்பதற்காக மாதக்கணக்கில் படுத்திருப்பது வீட்டினுள் அடைந்து கிடப்பதற்கு ஒப்பானது. அசைவில்லாத மூட்டு ஊட்டம் இழக்கிறது, தசை மெலிகிறது. பின்னர் சிறிய சுமையும் பெரிய வலியைத் தருகிறது. மேலும், காயம் ஆறிய பிறகும் சிலருக்கு எச்சரிக்கை விளக்கு சில காலம் எரிந்துகொண்டேயிருப்பதுண்டு. நரம்பு மண்டலம் பழக்கத்தால் எச்சரிக்கையை நீட்டிக்கிறது. இந்நிலையில் அளவான அசைவே மூட்டுக்கு நம்பிக்கையைத் திருப்பித் தருகிறது.

விளக்கைப் படிப்பது எப்படி? படிப்படியாக வந்த, வீக்கம் இல்லாத வலிக்கு எளிய அளவுகோல் ஒன்று உண்டு. வலியே இல்லாத நிலையைப் பூஜ்யம் என்றும், தாங்கவே முடியாத வலியைப் பத்து என்றும் கொள்ளுங்கள். பின்னர் மூன்று வேளைகளில் உங்களையே கேளுங்கள். பயிற்சியின்போது வலி மூன்று அல்லது நான்கைத் தாண்டியதா? பயிற்சி முடிந்த சில மணி நேரத்தில் குறைந்ததா, கூடியதா? மறுநாள் காலை எழுந்தபோது பழைய நிலைக்குத் திரும்பிவிட்டதா? மூன்றாவது கேள்வியே மிக முக்கியமானது. மறுநாள் காலை மூட்டு அமைதியாக இருந்தால் நேற்றைய சுமை ஏற்கத்தக்கதே. வலி கூடியிருந்தால் சுமையைக் குறைக்க வேண்டும். இதைச் சிறு குறிப்பேட்டில் நாள்தோறும் எழுதி வருவது நலம். இரண்டு வாரக் குறிப்புகள் உங்கள் மூட்டைப் பற்றி எந்த நண்பரைவிடவும் தெளிவாகப் பேசும்.

எல்லா மூட்டு வலியும் ஒன்றல்ல

விளையாடும் இளைஞருக்கு வரும் வலி எல்லாம் விளையாட்டினால் வந்தது என்று கொள்வது தவறு. உழைப்பினால் வரும் வலி பொதுவாக அசைவால் கூடும், ஓய்வால் குறையும். இதற்கு மாறாக, காலையில் எழுந்ததும் மூட்டுகள் அரை மணி நேரத்திற்கும் மேலாக இறுகிக் கிடந்து, நடமாடத் தொடங்கிய பின்னர் தளர்கின்றனவா? கீழ்முதுகில் மூன்று மாதங்களுக்கும் மேலாக வலி இருந்து, இரவின் பின்பகுதியில் உறக்கத்தைக் கலைக்கிறதா? இவை உடலின் எதிர்ப்பாற்றலே மூட்டுகளைத் தாக்கும் அழற்சி நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். இந்நோய்கள் இருபது வயதிலும் தொடங்கக் கூடியவை. தொடக்கத்திலேயே கண்டறிந்தால் மூட்டுகள் சிதையாமல் காக்க இன்று நல்ல மருந்துகள் உள்ளன. காலம் கடந்தால் இழந்ததை மீட்பது கடினம்.

காய்ச்சலுக்குப் பின் வரும் வலியும் உண்டு. 2006, 2007 ஆம் ஆண்டுகளில் கேரளத்தில் சிக்குன்குனியா பரவியபோது இடுக்கி உள்ளிட்ட மலையோரப் பகுதிகளும் பாதிக்கப்பட்டன. ரப்பர் பால் சேகரிக்கும் சிரட்டைகளில் தேங்கும் மழைநீரில் அதைப் பரப்பும் கொசு பெருகுகிறது. காய்ச்சல் சில நாட்களில் நீங்கினாலும் மூட்டு வலி பலருக்கு வாரக்கணக்கிலும் சிலருக்கு மாதக்கணக்கிலும் நீடிக்கும். அக்காலத்தில் பழைய வேகத்தில் ஓட முற்படக் கூடாது. இத்தகைய காய்ச்சலின்போது, டெங்கு இல்லை என்று உறுதியாகும் வரை ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகளைத் தாமாக உட்கொள்வது ஆபத்தானது. அவை இரத்தக் கசிவை மிகுவிக்கக் கூடும்.

பின்வரும் நிலைகளில் காத்திருக்காமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்: காய்ச்சலோடு ஒரு மூட்டு சிவந்து சூடாகி வீங்குதல், காயத்தின்போது 'டப்' என்ற ஒலி கேட்டு உடனே வீங்குதல், காலை ஊன்ற முடியாமை, முழங்கால் மடங்கிய நிலையில் சிக்கிக்கொள்ளுதல், நடக்கும்போது கால் திடீரென்று நழுவுதல், ஓய்விலும் இரவிலும் குறையாத வலி.

ஓய்வும் ஒரு பயிற்சியே

கணுக்கால் பிசகினாலோ முழங்கால் திருகிக்கொண்டாலோ முதல் இரண்டு நாட்கள் சுமையைக் குறையுங்கள். துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பத்து நிமிட அளவில் சில முறை வைக்கலாம். மீள்பட்டி சுற்றிக் காலை உயர்த்தி வையுங்கள். நம் பகுதியில் பிசகு என்றவுடன் எண்ணெய் தேய்த்து உருவும் வழக்கம் இருக்கிறது. உருவுதலுக்குரிய இடம் வேறு. புதிதாக வீங்கிய மூட்டைச் சூடுபடுத்துவதும், அழுத்தி உருவுவதும், சொடுக்கி இழுப்பதும் உள்ளே கிழிந்த நாரை மேலும் கிழிக்கக் கூடும். எலும்பு முறிவு இல்லை என்று முதலில் உறுதிசெய்வதே முறை.

படிப்படியாக வந்த வலிக்கு வழி வேறு. ஓட்டத்தையும் தாண்டுதலையும் குறைத்து, அவற்றின் இடத்தில் மூட்டு ஏற்கும் பயிற்சியை வையுங்கள். சுவரில் முதுகைச் சாய்த்து, முழங்காலைச் சிறிது மடக்கி, அசையாமல் முப்பது முதல் நாற்பத்தைந்து விநாடிகள் நிற்பது, இடைவெளி விட்டு அதை நான்கைந்து முறை செய்வது ஆகியவை தொடக்கநிலைக்கு ஏற்றவை. பின்னர் மெதுவாக அமர்ந்து எழுதல், படியில் மெதுவாக இறங்குதல், இடுப்புத் தசைகளையும் கெண்டைக்கால் தசைகளையும் வலுப்படுத்துதல், இறுதியாக ஓட்டமும் தாண்டுதலும் என வரிசையாகச் செல்ல வேண்டும். தசைநாண் வலுப்பெற மூன்று மாதங்களேனும் தேவை என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஒருமுறையேனும் பிசியோதெரபி நிபுணரைக் கண்டு, செய்யும் முறையைச் சரிபார்த்துக்கொள்வது சிறந்தது.

உறக்கமும் மருந்தே. பகலில் தோட்ட வேலை, மாலையில் ஆட்டம், இரவில் கைப்பேசி என்று வாழ்பவரின் உடல் தன்னைப் பழுதுபார்த்துக்கொள்ள நேரம் பெறுவதில்லை. பகலில் சரிவில் சுமந்த சுமையும் சுமையே என்பதை மறந்து, மாலைப் பயிற்சியை மட்டும் கணக்கிடுவது பிழை. வலி மாத்திரையை மருத்துவர் கூறிய நாட்களுக்கு மட்டுமே கொள்ளுங்கள். நெடுநாள் உட்கொண்டால் இரைப்பையும் சிறுநீரகமும் கெடும். 'ஒரே வாரத்தில் குணம்' என்று பெயர் குறிப்பிடாமல் விற்கப்படும் பொடிகளையும் மாத்திரைகளையும் நாடாதீர்கள். அத்தகையவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு.

பொறுமை என்பதன் பொருள்

இங்கே ஓர் ஐயம் எழலாம். துன்பத்தைப் பொறுத்துக்கொள்வது உயர்ந்த பண்பு என்று நம் சாத்திரங்கள் கூறுகின்றனவே, அப்படியானால் வலியைப் பொருட்படுத்தாமல் ஓடுவதுதானே பொறுமை?

அன்று. 'திதிட்சை' எனப்படும் பொறுமை, தவிர்க்க முடியாத துன்பத்தில் மனம் புலம்பாமலும் கலங்காமலும் இருப்பதைக் குறிக்கிறது. தவிர்க்கக் கூடிய தீங்கைத் தேடிச் சென்று பெருக்கிக்கொள்வது பொறுமையின்பாற்படாது. உண்மையில், வலியோடு ஓடுபவர் பெரும்பாலும் வலியைப் பொறுப்பவரல்லர். ஓடாமல் இருக்கும் நிலையைப் பொறுக்க முடியாதவர். நண்பர்கள் ஆடும்போது எல்லைக்கோட்டுக்கு வெளியே அமர்ந்திருப்பது, தம் இடத்தில் வேறொருவர் ஆடுவதைக் காண்பது, 'இவ்வளவுதானா நீ?' என்னும் பார்வையைத் தாங்குவது ஆகிய இவையே அவருக்குத் தாங்க முடியாதவை. முழங்காலின் வலியைவிட 'நான் ஓடுபவன்' என்னும் எண்ணத்திற்கு விழும் அடியே அவருக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. ஆகவே அவர் மருத்துவரிடமும் வலியைக் குறைத்துக் கூறுகிறார். தம்மிடமே பொய் கூறுகிறார்.

ஓடுவது உங்களுடைய திறன். நீங்கள் அந்தத் திறன் மட்டுமே அல்ல. இதை உணர்ந்தவருக்கு மூன்று மாதம் ஓடாமல் இருப்பது இழப்பாக இருக்கலாம், அழிவாக இராது. அவரால் உண்மையைச் சொல்ல முடியும்: 'எனக்கு வலிக்கிறது, இன்று நான் ஆடவில்லை.' இச்சொற்களைக் கூறுவதற்கு, வலியோடு ஆடுவதைவிட அதிகத் துணிவு தேவைப்படுகிறது.

பதினைந்து மாதங்கள்

ஸ்ரீசங்கரிடம் திரும்புவோம். அவருக்குக் கத்தார் நாட்டின் தோஹாவில் அறுவை சிகிச்சை நடைபெற்றது. பாரிஸில் மற்றவர்கள் தாண்டிய காலத்தில் அவர் தம் காலுக்குப் பழைய வலிமையைச் சிறிது சிறிதாகத் திரும்பக் கற்பித்துக்கொண்டிருந்தார். இழப்பு அவருக்குப் புதிதன்று. 2018 இல் குடல்வால் வெடித்ததால் கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் போட்டியை இழந்தவர். நான்கு ஆண்டுகளுக்குப் பின்னர் பர்மிங்காமில் அதே போட்டியில் வெள்ளி வென்றவர்.

2025 ஜூலை 12 ஆம் நாள் புனேயில் அவர் மீண்டும் களமிறங்கினார். காயமுற்று ஏறத்தாழ பதினைந்து மாதங்கள் ஆகியிருந்தன. 8.05 மீட்டர் தாண்டி முதலிடம் பெற்றார். அடுத்த மாதம் புவனேஸ்வரில் 8.13 மீட்டர் தாண்டினார். செப்டம்பரில் டோக்கியோ உலகப் போட்டியில் பங்கேற்றார். இறுதிச் சுற்றை எட்ட இயலவில்லை. இந்த வரலாறு முழு வெற்றியில் முடியவில்லை என்பதே நமக்குப் பயன் தருவது. மீள்வது என்பது பழைய அளவை உடனே எட்டுவதன்று. மீண்டும் ஓடுபாதையின் தொடக்கத்தில் வந்து நிற்பது.

நூறு நாட்களில் ஒலிம்பிக் வரவிருந்தவரே பதினைந்து மாதம் காத்திருந்தார் என்றால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்திற்காக நாம் ஏன் அவசரப்பட வேண்டும்? முழங்கால் நம் பகைவனன்று. நெடுந்தூரம் உடன்வர வேண்டிய தோழன். தோழன் 'சற்று நில்' என்றால் நின்று, என்னவென்று கேட்டு, அவன் நடக்கக் கூடிய வேகத்தில் நடப்பதே விவேகம்.

சிந்தனைக்கு:

1. சென்ற மாதத்தில் உங்கள் உழைப்பின் அளவு எந்த வாரத்தில் திடீரென்று உயர்ந்தது? அதன் பின்னர் மூட்டு என்ன கூறியது?

2. வலியை யாரிடமேனும் மறைத்திருக்கிறீர்களா? எதை இழந்துவிடுவோம் என்று அஞ்சி மறைத்தீர்கள்?

3. உங்கள் வலி அசைவால் கூடுகிறதா, குறைகிறதா? காலை இறுக்கம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது?

4. மூன்று மாதம் விளையாட முடியாது என்றால், அந்த நேரத்தில் நீங்கள் யாராக இருப்பீர்கள்?